இங்கே எப்போதும் சேக்கோ

சினோச்சிராவுக்குள் ஆறு புகுந்த மூன்றாம் நாளே எதெல்மீரா யார்லெக்கே தன் சாப்பாட்டுக் கடையைத் திறந்துவிட்டாள். திறந்துவிட்டாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கதவை ஏற்கெனவே ஆறு கொண்டுபோயிருந்தது. கூடத்தில் மேசை மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. இரண்டு மேசைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாயை வைத்து அவள் அடுப்பு மூட்டினாள். லாரி டியூபில் மிதந்து வந்த வாடிக்கையாளர்கள் மற்ற மேசைகளின்மேல் சம்மணம் போட்டுச் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது பக்கத்தில் யாருடைய வாத்தோ நீந்திப் போகும். "அது நம்ம கடைச் சமையல்ல சேராது, கை வைக்காதீங்க," என்று எதெல்மீரா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்.

அந்த ஊரில் மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் சிச்சா குடிக்கும் பதத்துக்கு வந்துவிட்டால், வாசலில் ஒரு கழி நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். தாகமுள்ளவர்களுக்கு வேறு அறிவிப்பு தேவையில்லை. பரண்மேல் ஏற்றிவைத்த ஒரு பானை வெள்ளத்தில் தப்பியிருந்ததால் எதெல்மீராவும் துணி கட்டினாள். தூரத்தில் போய்க்கொண்டிருந்த கடற்படைப் படகு அதைப் பார்த்து, யாரோ உயிருக்குப் போராடுகிறார்கள் என்று விரைந்து வந்தது. ஆறு வீரர்கள் இறங்கினார்கள், ஆளுக்கு இரண்டு சுரைக்குடுவை குடித்தார்கள், யாரையும் காப்பாற்றாமல் திரும்பினார்கள். நன்றிக்கு ஒரு போட்டோ எடுத்து அவள் போனுக்கு அனுப்பிவைத்தார்கள்.

நல்ல போட்டோ. இடுப்பளவு தண்ணீரில் எதெல்மீரா கரண்டியோடு நிற்கிறாள். அவள் தலைக்கு மேலே, அவள் கணவன் தியோதோசியோ சிவப்புப் பெயின்டில் எழுதிய பலகை தெரிகிறது: "இங்கே எப்போதும் சேக்கோ."

சேக்கோ என்பது அந்தப் பக்கத்துச் சாப்பாடு. பொரித்த வாழைக்காயை இடித்து, வெயிலில் காய்ந்த உப்புக்கறியை வெங்காயம் தக்காளி மிளகாயோடு வதக்கி, இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் சேக்கோ. அதே சொல்லுக்கு அவர்கள் பாஷையில் இன்னொரு அர்த்தமும் உண்டு: உலர்ந்தது. ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட இரண்டும் தெரியும் என்பதால் அதுவரை யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. யோசிப்பதற்கென்று தலைநகரிலிருந்து ஓர் ஆணையம் வரவேண்டியிருந்தது.

வெள்ளத்துக்குப் பிந்திய வணிகத் தொடர்ச்சி ஆணையம் என்பது அதன் பெயர். தண்ணீர் வடிந்த பிறகு வந்து சேர்ந்தது. தண்ணீரைவிட அதிக நாள் தங்கியது. வெள்ளத்தில் அடிபட்ட கடைகள் தடையில்லாமல் தொடர்ந்து நடக்கவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். எனவே முதல் வேலையாக எல்லாக் கடைகளையும் மூடச் சொன்னார்கள்.

"மூடறதுக்குக் கதவு வேணுமே. ஒரு கதவு குடுங்க, இப்பவே மூடிடறேன்," என்றாள் எதெல்மீரா, சொல்ல வந்தவனிடம்.

அவன் கையேட்டைப் புரட்டினான். கதவில்லாத கடையைப் பற்றி அதில் எதுவும் இல்லை. போய்விட்டான். ஆனால் போகும்போது ஒரு காகிதத்தை விட்டுப்போனான். வெள்ளப் பகுதியில் உள்ள ஒவ்வொரு கடையும் ஏப்ரல் முப்பதுக்குள் "வெள்ளம்பட்ட கடை" என்ற அட்டையை வாங்கவேண்டும். அட்டை இல்லாத கடை கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டு சீல் வைக்கப்படும். சீல் வைத்த கடைக்காரர்களுக்கு நெடுஞ்சாலைக்கு அப்பால், பல்லியும் குடியிருக்க யோசிக்கும் மணல்காட்டில் ஓர் இடம் ஒதுக்கப்படும்.

எதெல்மீரா அதை இரண்டு முறை படித்தாள். ஆறு அவளை மூன்று முறை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறது. மூன்று முறையும் திரும்பி வந்து சேற்றை வாரிக் கொட்டியிருக்கிறாள். ஆற்றோடு சண்டை போட்டுப் பழக்கம் உண்டு. காகிதத்தோடு பழக்கமில்லை. அந்த மணலில் யார் வந்து சாப்பிடுவார்கள்? ஊரில் ஒரு கடையும் பெயர்ப்பலகை எழுதும் நிலையில் இல்லாததால் தியோதோசியோவுக்கும் வேலை கிடையாது. இரண்டு பேர் வயிறும் அந்தப் பீப்பாய் அடுப்பைத்தான் நம்பியிருந்தது.

போட்டோவைக் காகிதத்தில் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு, பள்ளி மைதானத்துக் கூடாரத்தில் இருந்த ஆணையத்துக்குப் போனாள். மனு மேசையில் சொராய்தா என்ற உள்ளூர்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு மெஷின் இருந்தது. சொராய்தா போட்டோவை அதற்குள் விட்டாள். மெஷின் விழுங்கியது, கொஞ்சம் உறுமியது, ஒரு சீட்டைத் துப்பியது.

"அக்கா, உங்க கடை நனையலையாம்," என்றாள் சொராய்தா.

"என்னடி சொல்றே?"

"போட்டோல எழுதியிருக்கே. இங்கே எப்போதும் சேக்கோ. எப்பவும் உலர்ந்தேதான் இருக்குதுன்னு நீங்களே எழுதி மாட்டியிருக்கீங்க."

"அது சாப்பாடுடி!"

"எனக்குத் தெரியாதாக்கா? போன ஞாயித்துக்கிழமை உங்க கடைலதானே ரெண்டு தட்டு சாப்பிட்டேன். மெஷினுக்குத் தெரியாதே."

"நான் இடுப்பளவு தண்ணில நிக்கிறேன், அது தெரியலையா உன் மெஷினுக்கு?"

"அதுக்குப் படிக்கத்தான் தெரியும்கா. பார்க்கத் தெரியாது."

எதெல்மீரா மூச்சை இழுத்து விட்டாள். "சரி, நனையாத கடைன்னே வெச்சுக்க. நனையாத கடைக்கு எதுக்கு அட்டை? என்னை விட்டுடுங்க."

"அப்படி விட முடியாதுக்கா. நீங்க இருக்கிறது வெள்ளப் பகுதி. வெள்ளப் பகுதில வெள்ளம் படாத கடைன்னு ஒண்ணு இருக்க முடியாது. அப்படின்னா உங்க கடை அங்க இல்லைன்னு அர்த்தம். இல்லாத கடைக்கு சீல் வெச்சே ஆகணும்."

இந்த இடத்தில் கூடாரத்தின் உள்பக்கத்திலிருந்து ஆணையத்தின் தலைவர் வெளியே வந்தார். டாக்டர் உல்தெரீக்கோ லாசர்த்தே. ஊசி போடும் டாக்டர் இல்லை. அந்த நாட்டில் வக்கீலுக்குப் படித்தவரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடவேண்டும், இல்லாவிட்டால் அவருக்குக் காது கேட்காது. தண்ணீர் வடிந்த ஊருக்கு வருகிறோம் என்று முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் வாங்கிவந்து, அதை அழுக்காகாமல் அலமாரியில் வைத்துவிட்டுப் பளபளக்கும் கறுப்பு ஷூவில் நடமாடுகிறவர்.

"என்ன சத்தம்?" என்றார்.

எதெல்மீரா சொன்னாள். டாக்டர் பரிவோடு தலையாட்டினார்.

"அம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா ஒவ்வொருத்தர் கஷ்டமும் எனக்குப் புரிய ஆரம்பிச்சா ஆணையம் எப்படி நடக்கும்? நாங்க எழுதியிருக்கிறபடி நடக்கிறவங்க. எழுதினது நீங்க. நடக்கிறது நாங்க. இதுல எங்க தப்பு எங்க இருக்கு, சொல்லுங்க."

அவள் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்ததும் தியோதோசியோ ஆவலாக எழுந்து வந்தான். முப்பது வருஷமாகப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். எழுத்தைத் தவிர உலகத்தில் மற்றதெல்லாம் அவனுக்கு இரண்டாம்பட்சம்.

"பலகையைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"அதாலதான் குடியே கெட்டது. மெஷின் ஒரே மூச்சுல படிச்சிட்டதாம்."

"ஒரே மூச்சுலயா?" தியோதோசியோவின் முகம் மலர்ந்தது. "அந்த சே எழுத்துக்கு மட்டும் நான் அரை நாள் எடுத்துக்கிட்டேன், எதெல்."

அன்று மதியம் வெங்காயம் நறுக்கும்போது அவள் அழுதாள். நல்லவேளை, வெங்காயம் பழியை ஏற்றுக்கொண்டது.

மறுநாள் பலகைமேல் ஒரு சாக்கைப் போட்டு மறைத்தாள். அதற்கடுத்த நாள் ஆதாரத்தை மறைத்த குற்றத்துக்கு நோட்டீஸ் வந்தது. சாக்கை எடுத்தாள். எடுத்ததற்கும் ஒரு நோட்டீஸ் வந்தது: ஆய்வு முடியும்வரை ஆதாரத்தைத் தொடக்கூடாதாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமி யார், பூசாரி யார் என்பதே அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் நோட்டீஸின் அடியில் ஒரு நல்ல வரி இருந்தது: நேரடி ஆய்வுக்கு இன்ஜினியர் புளோரென்தீனோ வருவார்.

இன்ஜினியர் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். ஈரம் அளக்கும் கருவி ஒன்றைத் தோளில் மாட்டியிருந்தார். வாசலில் காலெடுத்து வைத்தவர் முழங்கால்வரை சேற்றில் புதைந்தார். தியோதோசியோவும் எதெல்மீராவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். கருவி சேற்றில் விழுந்து, பீப் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உயிரைவிட்டது.

"பார்த்தீங்களா இன்ஜினியரே, ஈரத்தை," என்றாள் எதெல்மீரா நம்பிக்கையோடு.

"கருவி பழுதானா ஈரம் அளக்கப்படலைன்னுதான் எழுதணும். அளக்காத ஈரம் ஈரமில்லை," என்றார் அவர், ஒரு பூட்ஸை மட்டும் போட்டுக்கொண்டு. பிறகு தாளில் எழுதிக்கொண்டார்: "தரை மென்மையானது."

சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொட்டார். சுவரின் ஒரு துண்டு கையோடு வந்தது. "சுவர் ஒத்துழைக்கும் தன்மையுடையது" என்று எழுதினார். அதற்குள் அடுப்பிலிருந்து வாழைக்காய் மணம் வந்தது. இன்ஜினியரின் பேனா நின்றுவிட்டது.

முதல் தட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார். இரண்டாம் தட்டுக்கு உட்கார்ந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் ததும்ப, அறிக்கையின் கடைசி வரியை எழுதினார். எதெல்மீரா எட்டிப் பார்த்தாள்: "நேரில் ஆய்வு செய்தேன். இவ்விடத்தில் சேக்கோ இருக்கிறது. இருமுறை சரிபார்த்தேன்."

"ஐயோ, ஐயா! இதை எழுதினா நான் செத்தேன்!"

"வேற என்னம்மா எழுதறது? சேக்கோ இல்லைன்னு எழுதவா? அப்ப நான் சாப்பிட்டது என்னது? பதினெட்டு வருஷ சர்வீஸ்ல நான் பொய் எழுதினதில்லை." அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "சாப்பாடு பிரமாதம். அதை எழுத இடமில்லை, மன்னிச்சிடுங்க."

இப்படியாக எதெல்மீராவின் கடை, மாகாணத்திலேயே இருமுறை உறுதிசெய்யப்பட்ட ஒரே உலர் இடமாகப் பதிவேட்டில் ஏறியது. பின்னால் வந்த வினை அதனால்தான். ஆணையத்தின் விதிப்படி அலுவலகம் வெள்ளப் பகுதிக்குள் இருக்கவேண்டும்; உலர்ந்த இடத்திலும் இருக்கவேண்டும். கூடாரம் ஒழுகத் தொடங்கியிருந்தது. இடப் பிரிவு பதிவேட்டைப் புரட்டியது. புரட்ட ஒரே ஒரு வரிதான் இருந்தது.

திங்கட்கிழமை காலை நாற்பத்திரண்டு அட்டைப்பெட்டிக் கோப்புகளும் பதினொரு குமாஸ்தாக்களும் சொராய்தாவும் மெஷினும் டாக்டர் லாசர்த்தேயின் அலமாரியும் வந்து இறங்கினார்கள். கூடம் அலுவலகமாயிற்று. அடுப்பைப் பின்கட்டுக்குத் தள்ளினார்கள். வாசலில் நாடா கட்டி, டாக்டர் ஒரு பெஞ்சின்மேல் ஏறினார். பெஞ்சின் கால் நான்கும் மெதுவாகச் சேற்றில் இறங்கிக்கொண்டிருக்க, அவர் பேசினார்.

"சகோதர சகோதரிகளே! வெள்ளம் வந்தது. முன் அனுமதி பெறாமல் வந்தது. அதை வன்மையாகக் கண்டிக்கிறேன். நான் இங்கு வந்த நாளில் இம்மாகாணத்தில் மூவாயிரம் கடைகள் நனைந்திருந்தன. இன்று எங்கள் பதிவேட்டில் நனைந்த கடைகள் எத்தனை தெரியுமா? பதினெட்டு! ஒரு வாளி இல்லை, ஒரு பம்பு இல்லை, ஒரு துடைப்பம் இல்லை. மற்ற அத்தனை கடைகளையும் என் ஊழியர்கள் வெறும் காகிதத்தால் துடைத்துக் காயவைத்திருக்கிறார்கள்! சிலர் கேட்கிறார்கள், உதவி எங்கே என்று. நனைந்தவர்களே இல்லாத இடத்தில் உதவியை யாருக்குத் தருவது? இந்த வீரப் பெண்மணியைப் பாருங்கள். ஊரே மூழ்கியபோதும் இவர் கடை மட்டும் உலர்ந்து நின்றது. தண்ணீருக்குக்கூட இவரிடம் பயம்!"

எல்லோரும் கை தட்டினார்கள். கணுக்காலளவு சேற்றில் நின்ற எதெல்மீராவின் கழுத்தில் ஒரு பதக்கத்தை மாட்டினார்கள். முதல் வரிசையில் இருந்தவர்களைவிட டாக்டர் இப்போது குள்ளமாகிவிட்டிருந்தார்.

"டாக்டரே, அப்போ என் கடைக்கு சீல் வைக்கமாட்டீங்கல்ல?" என்று அவள் கேட்டாள். "உங்க ஆபீசே இங்கதானே இருக்கு."

"அது வேற இது வேறம்மா. இடப் பிரிவு இடம் பார்க்கும், சீல் பிரிவு சீல் வைக்கும். ரெண்டுக்கும் தலைவர் நான்தான். அதனாலேயே ஒரு பிரிவு செய்யறது இன்னொரு பிரிவுக்குத் தெரியாம பார்த்துக்கறேன். தெரிஞ்சா சலுகை காட்டிட்டோம்னு பேச்சு வரும்."

அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சாப்பிட வந்தவர்களுக்கு டோக்கன் கொடுத்தார்கள். சேக்கோ கேட்டவனிடம் மூன்று படிவங்களை நீட்டி, பதினைந்து வேலை நாளில் பதில் வரும் என்றார்கள். மனு கொடுக்க வந்த செருப்புக் கடைக்காரர் தவறிப் பின்கட்டுக்குப் போய், இரண்டு குடுவை சிச்சா குடித்துவிட்டு, "இவ்வளவு நல்ல அலுவலகத்தை நான் பார்த்ததே இல்லை," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பழைய வாடிக்கையாளர்கள் மட்டும் பின்பக்க வேலியைத் தாண்டிக் குதித்து வந்து சாப்பிட்டார்கள். எதெல்மீரா கடையை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. தன் கடைக்குள்ளேயே திருட்டுத்தனமாகக் கடை நடத்தினாள், அவ்வளவுதான். தேதி மட்டும் முப்பதை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது.

ஏப்ரல் இருபத்தேழாம் தேதி மலைப்பக்கம் மழை கொட்டியது. காலை பத்து மணிக்கு ஆறு மறுபடியும் ஊருக்குள் வந்தது.

எதெல்மீராவுக்கு இது புதிதில்லை. ஐந்தே நிமிஷத்தில் பானை பரணுக்கும் பீப்பாய் மேசைக்கும் போய்விட்டன. மெஷினையும் சொராய்தாவையும் தூக்கி மேசையில் வைத்தாள். கூடத்தில் மற்றவர்கள் கையேட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியபோது நாற்பத்திரண்டு பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, ஊர்வலம் போல வாசலைப் பார்த்து நகர்ந்தன. பின்னாலேயே ஒரு ஜோடி கறுப்பு ஷூவும் போனது. "கோப்பைப் பிடிங்க! கோப்பைப் பிடிங்க!" என்று டாக்டர் அலமாரியின் உச்சியிலிருந்து கத்தினார். ரப்பர் பூட்ஸ் அலமாரிக்குள்ளே இருந்தது. மேலே உட்கார்ந்தபடி அலமாரியைத் திறக்க முடியவில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. பிழைத்த கோப்புகளைக் கொடியில் காயப்போட்டார்கள். தெருவில் போனவர்கள் வாசலெங்கும் வெள்ளை வெள்ளையாகத் தொங்குவதைப் பார்த்து, இன்று சிச்சா ஆறாக ஓடுகிறது போலிருக்கிறது என்று கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு எதெல்மீராவிடம் வாழைக்காய் தீர்ந்துபோயிற்று.

டாக்டர் லாசர்த்தே வெறுங்காலோடு மனு மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றார். அலுவலகத்துக்கு வெள்ளம்பட்ட அட்டை கிடைத்தால்தான் தலைநகரம் புதுக் கோப்பும் புதுப் பெட்டியும் அனுப்பும். அவர் முறை வந்தது. சொராய்தா மனுவை மெஷினுக்குள் விட்டாள்.

"நனையலையாம், டாக்டர்," என்றாள்.

"யாரு நனையலை?"

"உங்க ஆபீஸ். விலாசம் போட்டிருக்கீங்களே. இருமுறை உறுதிசெய்யப்பட்ட உலர் இடம்."

"ஏம்மா, என்னைப் பாரு! சொட்டச் சொட்ட நிக்கிறேன்!"

"நீங்க நனைஞ்சிருக்கீங்க டாக்டர், இல்லைன்னு சொல்லலை. இடம் நனையலை. அதுக்குப் படிக்கத்தான் தெரியும், பார்க்கத் தெரியாது."

"நான் மேல்முறையீடு செய்யறேன்!"

"செய்யுங்க. அதை நீங்கதான் விசாரிப்பீங்க. ஆனா உலர்ந்த தாள்ல எழுதினாத்தான் வாங்குவீங்க. உங்க உத்தரவுதான்." சொராய்தா குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதீங்க டாக்டர். நாம எழுதியிருக்கிறபடி நடக்கிறவங்க இல்லையா?"

பின்கட்டிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த எதெல்மீராவுக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. இவ்வளவு பெரிய டாக்டருக்கே இந்தக் கதி என்றால் தன் கதி என்ன? இன்னும் இரண்டே நாள்.

முப்பதாம் தேதி காலை சீல் பிரிவின் ஆள் வந்தான். அதானாசியோ என்று பெயர். ஒல்லியாக, வாளியும் தூரிகையுமாக, யாருக்கும் கெடுதல் நினைக்காதவன் போன்ற முகம். கதவில்லாததால் வாசலுக்குக் குறுக்கே ஒரு நீளக் காகிதத்தை இழுத்து, இரண்டு பக்கச் சுவரிலும் ஒட்டவேண்டும் என்று விளக்கினான். உள்ளே உட்கார்ந்திருந்த பதினொரு குமாஸ்தாக்களும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது வேறு பிரிவு என்று குனிந்துகொண்டார்கள்.

எதெல்மீரா வாசல் ஓரத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்து வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் பேசும்போதும் உரிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கடை நின்றுபோனதாக ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

அதானாசியோ பசை தடவிக் காகிதத்தை ஒட்டினான். காகிதம் சுவரோடு கொஞ்ச நேரம் இருந்து பார்த்தது, பிறகு வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடியும் ஒட்டினான். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை காகிதத்தோடு சுவரும் கொஞ்சம் விழுந்தது.

"ஆணி அடிக்கறதுதானே?" என்றான் தியோதோசியோ. எழுத்து எதுவாக இருந்தாலும், அது தரையில் கிடப்பது அவனுக்குப் பொறுக்காது.

"விதில பசைன்னுதாண்ணே இருக்கு. ஆணி கிடையாது."

"இப்போ என்ன செய்வே தம்பி?" என்று எதெல்மீரா கேட்டாள்.

"ஒட்டலைன்னு அறிக்கை குடுக்கணும்கா." அவன் ஒரு படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டான். "ஒட்டாததுக்குக் காரணம் போடணும். நாலுதான் இருக்கு. காத்து, தூசி, கடைக்காரர் எதிர்ப்பு, ஈரம்." அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீங்க எதிர்த்தீங்களாக்கா?"

"நான் வாழைக்காய் உரிச்சேன்."

"காத்தும் இல்லை, தூசியும் இல்லை." விரலைச் சுவரில் வைத்துப் பார்த்தான். விரல் முட்டிவரை உள்ளே போயிற்று. "அப்போ ஈரம்தான்." கடைசிக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

எதெல்மீராவின் கையிலிருந்த வாழைக்காய் மடியில் விழுந்தது.

"தம்பி," என்றாள், மூச்சு வாங்க. "அதுல முத்திரை குத்துவியா?"

"குத்தணுமேக்கா. மூணு இடத்துல."

"நல்லா அழுத்திக் குத்து ராசா. எனக்கு ஒரு நகல் குடு. நீ சாப்பிடாம போகக்கூடாது, சொல்லிட்டேன்."

அந்த நகலைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் கூடத்துக்குள்ளேயே எட்டடி நடந்து மனு மேசைக்கு வந்தாள். இடையில் டோக்கன் வாங்கச் சொன்னார்கள், வாங்கினாள். சொராய்தா தாளைப் பார்த்தாள், எதெல்மீராவைப் பார்த்தாள், மெஷினுக்குள் விட்டாள். ஆணையத்தின் சொந்த முத்திரை மூன்று குத்திய தாளுக்கு மெஷின் மறுபேச்சு பேசவில்லை. ஒரு முறை இருமிவிட்டுப் பச்சை நிற அட்டை ஒன்றைத் துப்பியது: வெள்ளம்பட்ட கடை.

எதெல்மீரா அட்டையை முத்தமிட்டாள். பிறகு சொராய்தாவையும் முத்தமிட்டாள். மெஷினையும் முத்தமிடப் போனவளைத் தியோதோசியோ பிடித்து இழுத்துக்கொண்டான்.

"அந்த அறிக்கையை இப்படிக் குடுங்க!" என்று டாக்டர் லாசர்த்தே ஓடி வந்தார். "அதே சுவர்! அதே விலாசம்! எனக்கும் போடும்மா!"

"இதுல கடைன்னு இருக்கு டாக்டர். ஆபீஸ்னு இல்லையே," என்றாள் சொராய்தா. அன்றிலிருந்து, ஒரே சுவருக்குள் எதெல்மீராவின் கடை ஈரமாகவும் ஆணையத்தின் அலுவலகம் உலர்ந்தும் இருந்து வருகின்றன.

மறுநாள் காலை எதெல்மீரா முதல் வேலையாகத் தன் அடுப்பைக் கூடத்துக்குள் கொண்டுவந்தாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க அவர்களுக்கு உலர்ந்த தாள் இல்லை. வாசலில் கழி நட்டு வெள்ளைத் துணி கட்டினாள். பிறகு ஏணி போட்டு ஏறி, கணவனின் பலகையைக் கழற்றினாள்.

"எதெல்! எதுக்கு அதைக் கழட்டறே?" தியோதோசியோ பதறினான். "அந்த சே எழுத்து!"

"துணியைப் பார்த்தே ஊர்க்காரங்க வந்துடுவாங்க. படிச்சுட்டு வர்றவங்களாலதான் இவ்வளவு வம்பு. பலகைக்கு வேற வேலை இருக்கு," என்று சொல்லி, அதை வாசல் சேற்றுக்குக் குறுக்கே, எழுத்து மேலே தெரியும்படி பாலமாகப் போட்டாள். கனமான பலகை, சேற்றுக்கு மேலே திடமாக நின்றது. வாடிக்கையாளர்கள் வரிசையாக அதன்மேல் நடந்து உள்ளே வந்தார்கள்.

பத்து மணிக்கு டாக்டர் லாசர்த்தே வந்தார். காலில் புதிதாக வாங்கிய கறுப்பு ஷூ. சேற்றின் கரையில் தயங்கி நின்றார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"அம்மா, இதுமேல காலை வைக்கலாமா? தாங்குமா?"

எதெல்மீரா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். "அதுல என்ன எழுதியிருக்கு டாக்டரே?"

அவர் குனிந்து படித்தார். "இங்கே எப்போதும்... சேக்கோ."

"அப்புறம் என்ன யோசனை? எழுதியிருக்கிறபடி நடங்க."

டாக்டர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் காலெடுத்து வைத்து உள்ளே வந்தார். ஷூவில் ஒரு பொட்டுச் சேறு படவில்லை. எதெல்மீரா அவருக்கு இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். சரிபார்க்க வருகிறவர்கள் ஒன்றோடு நிறுத்துவதில்லை.